நோர்பெர்ட்டின் முதுகுக்குப் பின்னால் எரியாத கலோரி

அவுடனார்டே
செப்டம்பர் 14

என் அருமை காத்தலெய்னுக்கு,

எழுத்துகள் மேலும் கீழும் போகின்றன என்று சிரிக்காதே, கல் பாவிய சாலையில் சைக்கிள் போவது போலப் பேனா குதிக்கிறது. இந்தப் பக்கத்துக்கு மட்டும் மூன்று காலை வேளைகள் ஆயின, அப்பாவைப் பொறுத்துக்கொள். முழங்காலைத் தவிர நான் முழுதும் நலம், கடலுக்கு அப்பால் நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி லோட்டேயும் நலம்தானே. என் கையாலேயே உன்னை நலம் கேட்க எழுபத்தாறு வயது வரை காத்திருந்தேன், அதனால் இரண்டு முறை கேட்கிறேன், நலம்தானே?

நீ அனுப்பிய கைக்கடிகாரத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். அறுவை மருத்துவர் அம்மா கண்டிப்பாகச் சொன்னது உனக்குத் தெரியும், எடை எண்பத்தைந்து கிலோவுக்கு இறங்கினால்தான் நவம்பரில் முழங்காலைத் தொடுவார், இல்லாவிட்டால் அடுத்த கோடைக்குத் தள்ளிவிடுவார். இந்தக் காலோடு ஒரு நாள் முழுக்க விமானத்தில் உட்கார என்னால் ஆகாது, முழங்கால் சரியானால் ஏப்ரலில் உன் வீட்டில் இருப்பேன். நடக்காதே, சைக்கிள் ஓட்டு என்றார். எனக்கு அதைவிட என்ன வேண்டும்? ஞாயிறுதோறும் கிளப்போடு ஸ்கெல்டே ஆற்றங்கரையில் ஐம்பது கிலோமீட்டர் போனேன். கடிகாரம் ஆயிரத்து இருநூறு கலோரி எரிந்தது என்று காட்டும், நானும் எரிந்ததைத் திருப்பிப் போடலாமே என்று காபிக் கடையில் பால்கட்டி வைத்த தார்ட் பலகாரம் இரண்டு, சில வாரம் மூன்று, மேலே ஒரு கறுப்பு பீர். ஆறு வாரம் கழித்துத் தராசில் ஏறினால் தொண்ணூற்றிலிருந்து தொண்ணூற்றிரண்டு! மருத்துவர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "பெரியவரே, நீங்க சைக்கிள் ஓட்டுறீங்களா, சைக்கிள் உங்களை ஓட்டுதா?" என்று கேட்டுவிட்டார். வெட்கமாகப் போயிற்று.

நான் சைக்கிள் பந்தயம் ஓட்டிய காலத்தில் கலோரி என்ற பேச்சையே யாரும் எடுத்ததில்லை. எங்கள் அணித் தலைவர் வாலேருக்குக் காற்றுத் தடுப்பது என் வேலை, இருநூறு கிலோமீட்டரும் அவர் என் முதுகுக்குப் பின்னால் அலுப்பில்லாமல் வருவார், கடைசி நூறு மீட்டரில் தாண்டிப் போய் வெற்றிப் பூங்கொத்தைப் பெறுவார். சட்டைப் பையில் உன் அம்மா சுற்றிக் கொடுத்த அரிசிக் கேக், கால் நடுங்கினால் ஒன்று கடிப்பேன், அவ்வளவுதான். மாலையில் வீட்டு வாசலில் உன் அம்மா கோடலீவ் என் இடுப்பு வாரில் விரல்களை நுழைத்துப் பார்ப்பாள். "மூணு விரல் போகுது, இன்னிக்கு வாலேருக்காக உசிரைக் குடுத்திருக்க" என்று உருளைக்கிழங்கு இன்னும் இரண்டு கரண்டி வைப்பாள். அவள் மதிப்பு ஒரு நாளும் தப்பவில்லை. வரைபடம், கடிதம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் அவள்தான் எனக்காக வாசித்தாள், அதனால்தான் அவள் போகும்வரை நான் எழுத்துப் படிக்காமலே இருந்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

சரி, கடிகாரத்தோடு வந்த சிறு புத்தகத்தை எடுத்தேன். நான்கு நாள், விரல் வைத்து, வரி வரியாக. இருபத்தோராம் பக்கத்தில் இருந்தது மகளே. உடல் எடை, வேகம், நேரம் மூன்றையும் வைத்துப் போடும் உத்தேசக் கணக்கு இது, காற்றும், இன்னொருவர் பின்னால் ஒதுங்கி ஓட்டுவதும் இதில் சேராது என்று! நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எங்கள் கிளப்பில் எழுபது தாண்டியவரை முன்னால் விடுவதில்லை, அது மரியாதை. என்னை வைத்திருந்தது ரொட்டிக்கடை நோர்பெர்ட்டுக்குப் பின்னால், அவன் முதுகு ஒரு தானியக் கிடங்கின் கதவு. காற்றை அவன் தின்றான், தார்ட்டை நான் தின்றேன்.

போன ஞாயிறு, நான் முன்னால் போகிறேன் என்றேன். "அகீல், உனக்கென்ன கிறுக்கா, பேசாம பின்னால வா" என்று நோர்பெர்ட் கத்தினான். நான் கேட்கவில்லை. ஆற்றுக் காற்று முகத்தில் அறைந்தது, நாற்பது வருடத்துக்குப் பிறகு அதே காற்று, கண்ணில் நீர் வந்தது காற்றால் மட்டும் இல்லை. வேகம் குறைந்ததால் கடிகாரம் எண்ணூறுதான் காட்டியது, சட்டையோ பிழியும்படி நனைந்திருந்தது. காபி மட்டும் குடித்தேன். அன்று முழுக்க என் முதுகுக்குப் பின்னால் வந்த நோர்பெர்ட் எதிரே உட்கார்ந்து தன் கடிகாரத்தைக் காட்டி, "எனக்கு ஆயிரத்து நூறு எரிஞ்சிருக்கு, ரெண்டு தார்ட் கொண்டாம்மா" என்றான். அடுத்த வாரம் புத்தகத்தை அவனுக்கு உரக்க வாசித்துக் காட்டுவேன்.

இன்று காலை தொண்ணூற்றொன்று. இன்னும் ஆறு கிலோ, ஏழு ஞாயிறு. காற்று இருக்கிறது, வருவேன்.

லோட்டே தலைக்கவசம் இல்லாமல் ஓட்டக் கூடாது, மறக்காதே. நீங்கள் எல்லாரும் நீண்ட நாள் நல்லபடி இருக்க வேண்டும், அம்மாவின் ஆசியும் சேர்த்து. அடுத்த வாரம் தராசு சொல்வதை எழுதுகிறேன், அதற்குள் தொலைபேசியில் கேட்காதே, சொல்ல மாட்டேன், நீ அதை என் எழுத்தில்தான் பார்க்க வேண்டும்.

உன் அப்பா
அகீல்