முகத்தையும் சேர்த்துச் சொன்னது

ஐப்பசி 9, செவ்வாய் இரவு, இறுப்பிட்டி

என்ரை மகனை வெட்டிக் கொன்றவனைக் கொழும்பு அப்பீல் கோட்டிலை இண்டைக்கு விட்டிட்டினம். அவன்ரை பேரை இந்தக் கொப்பியிலை எழுதமாட்டன். எங்களுக்காக வழக்குப் பாத்த அப்புக்காத்துத் தம்பிதான் போனிலை சொன்னார்.

"யாழ்ப்பாணத்திலை தூக்கு எண்டுதானே தீர்த்தவை. இவை எப்பிடி விடுவினம்?" எண்டு கேட்டன்.

"அம்மா, பொலிசிலை முதுகைத்தான் கண்டனான் எண்டனீங்கள். கோட்டிலை ஏறி முகத்தையும் கண்டனான் எண்டனீங்கள். கண்ட சாட்சி நீங்கள் ஒராள்தானே. உங்கடை சொல்லை இனி நம்பேலாதாம்."

நான் கண்டது முதுகைத்தான். இருவது வருசமாய் வேலிக்கு அங்காலை நடந்து திரிஞ்சவன்ரை முதுகு எனக்குத் தெரியாதே? அதை அப்பிடியே சொல்லியிருக்கலாம். தப்பிவிடுவான் எண்ட பயத்திலை முகத்தையும் சேர்த்தனான்.

பின்னேரம் அவன்ரை வீட்டிலை வெடி கொளுத்திச்சினம். நான் கதவைச் சாத்திப்போட்டுக் குசினிக்குள்ளை அடுப்படியிலை தனிய இருந்தனான்.

பொழுதுபட மகள் கனடாவிலையிருந்து போன் எடுத்தாள்.

"ஆரம்மா பிழை விட்டது?" எண்டு கேட்டு அழுதாள்.

"அந்தக் கொழும்பு நீதிபதிமார்தான் பிள்ளை" எண்டு சொல்லிப்போட்டன்.