டப்பாவின் அடியில் உள்ள எண்

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. போன் அடித்தால் உன் பக்கத்தில் தூங்கும் என் பாப்பா எழுந்துவிடுவாள். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

பதறாமல் படி. எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு பால் பவுடர் வந்திருக்கிறது. கரைத்த பாலில் கண்ணுக்கே தெரியாத காந்தத் துகள்களைப் போடுவோம். பாலில் பூச்சிமருந்து இருந்தால் துகளில் ஒட்டிக்கொள்ளும். குழாய்க்கு வெளியே காந்தத்தைப் பிடித்தால் துகளெல்லாம் கருப்பாக ஒரு பக்கம் ஒதுங்கும். பாலைக் கொட்டிவிட்டு, ஒட்டியதைக் கழுவி எடுத்து அளப்போம்.

நேற்று பூச்சிமருந்தின் அளவு அதிகமாகக் காட்டியது. இன்று சரிபார்க்கும்போது, காந்தத்தை எடுத்துவிட்டுப் பாலைக் கொட்டிவிட்டேன். துகளும் சேர்ந்து போய்விட்டது.

"காந்தத்த எடுத்துட்டா கொட்டுவாங்க? மனசு எங்கம்மா இருக்கு?" என்றார் மேலாளர். மனசு உன் வீட்டில் இருக்கும் டப்பாவில் இருந்தது என்று எப்படிச் சொல்வேன்? போன மாதம் பாப்பாவுக்கு நான் அனுப்பினேனே, அதே பவுடர்.

மாதிரி தீர்ந்துவிட்டது, புதியது நாளைதான் வரும். முடிவு தெரியும்வரை வெளியாளிடம் மூச்சு விடக்கூடாதாம். நீ என்ன வெளியாளா?

டப்பாவின் அடியில் உள்ள எண், இங்கே வந்த டப்பாவில் இருப்பதைப் போல 47 என்று முடிகிறதா, பார். எதுவானாலும் நான் சொல்லும்வரை அந்தப் பவுடரைத் தொடாதே. ஒன்றரை வயதாகிவிட்டது, பசும்பால் கொடுக்கலாம். வேண்டாமென்று அழுதால் அதைப் பதிவு செய்து அனுப்பு, அந்தச் சத்தமாவது கேட்கிறேன்.

எழுந்ததும் எண்ணைப் பார்த்து உடனே பதில் போடு அம்மா.