கதவு தெரியும்படி ஒரு நாற்காலி

அக்கா,

பொங்கலுக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். காலையிலிருந்து என் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தேன். எந்தத் தாளையும் எண் போட்டுக் கயிறு கட்டி வைக்கிற என் பழக்கத்தைச் சொல்லி எத்தனை முறை சிரித்திருக்கிறீர்கள். நான்காவது தட்டில், அடியில் இருந்த கோப்பில், அந்த மதிப்பெண் தாள் கிடைத்தது. குறும்படப் போட்டிக்கு முதன்முதலாக நாம் நடுவர்களாக உட்கார்ந்தோமே, அந்த வருடத்துத் தாள். இருபத்து மூன்று படங்களுக்கு இருபத்து மூன்று வரிசை. மூன்று நடுவர்களுக்கு மூன்று பத்தி. பதினாலாவது வரிசையில், உங்கள் பத்தியில், எண் இல்லை. ஒரு கட்டைவிரல் தடம் இருக்கிறது. பூச்சட்டிப் பட்டாசுக்குள் அடைக்கிற அலுமினியப் பொடியின் தடம்.

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தேன். இன்னும் மினுங்குகிறது அக்கா!

அந்த நிமிடமே உங்களுக்கு எழுதவேண்டும்போல இருந்தது. நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. எழுதினால் யார் படிப்பார்கள் என்று வழக்கம்போல ஒரு சந்தேகம். அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெள்ளையடிக்கிறவர்கள் காலி அலமாரியை அறை வாசலுக்குப் பாதிவரை தள்ளிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்கள்.

வயதில் நான்தான் மூத்தவன். ஆனால் உங்கள் ஊர் நாரணாபுரமே உங்களை அக்கா என்றது. நானும் அப்படியே கூப்பிட்டேன். நீங்கள் நடுவரான கதை ஊருக்கே தெரியும். அதற்கு முந்தைய வருடம் நாரணாபுரத்துப் பொட்டலில் திரை கட்டிப் படம் போட்டார்கள். முடிந்ததும், யாராவது கருத்துச் சொல்லலாம் என்று திரைப்படச் சங்கத்துக்காரர்கள் மைக்கை நீட்ட, கூட்டத்திலிருந்து நீங்கள் எழுந்தீர்கள். "அந்தப் பொம்பள அழுதப்ப கண்ணு செவக்கவே இல்லியே. எண்ணெயைத் தடவி விட்டீகளா?" படம் எடுத்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வருடம் நடுவர் குழு அமைக்கும்போது உங்கள் பெயரைத்தான் முதலில் எழுதினார்களாம். இரண்டாவதாக, சென்னையில் பல காலம் ஒளிப்பதிவாளராக இருந்து ஓய்வுபெற்று ஊர் திரும்பியிருந்த நம் குழுத் தலைவர். மூன்றாவதாக நான். விருதுநகரில் கல்லூரி மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்தி ஓய்வுபெற்றவன். சினிமா தெரியும் என்பதற்காக என்னைக் கூப்பிடவில்லை. கூட்டல் தப்பாது என்பதற்காகக் கூப்பிட்டார்கள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

சிவகாசியில் ஒரு அச்சகத்தின் மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை. பட்டாசு சீசன் நேரம் என்பதால் நீங்கள் ஆலையில் அரைநாள் வேலை பார்த்துவிட்டு நேராக வந்தீர்கள். எவ்வளவு கழுவினாலும் விரல் ரேகைகளில் வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தது. உள்ளே வந்தவர் எங்களுக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. வாசலில் அடுக்கியிருந்த காகிதக் கட்டுகளைப் பார்த்தீர்கள். "இதை அங்கிட்டு எடுத்து வைங்க." எடுத்து வைத்தார்கள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துக் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, திரையைப் பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தீர்கள். திறந்த கதவு வழியாக வெயில் திரையில் விழுந்தது.

"அம்மா, கதவைச் சாத்துங்க. படம் தெரியல" என்றார் தலைவர்.

"படம் தெரியலன்னா கிட்ட வந்து உக்காருங்க சார். எனக்குக் கதவு தெரியணும்."

காற்றுக்காகச் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். மின்விசிறியை இரண்டு சுற்று கூட்டி வைத்தேன்.

போட்டி விதிகளை எழுதியவன் நான். பத்துக்கு மதிப்பெண்; அரை மதிப்பெண்ணும் போடலாம்; மூவர் கூட்டுத்தொகையே முடிவு. படித்துக் காட்டியபோது நீங்கள் கேட்டீர்கள்: "அரை மார்க்குன்னா என்ன சார், படம் பாதிதான் பிடிச்சுச்சா?" எண்ணே போடமாட்டேன் என்றுவிட்டீர்கள். நல்லது, பரவாயில்லை, வேண்டாம் என்று வாயால் சொல்வீர்கள். அதை நான் எட்டு, ஐந்து, இரண்டு என்று மாற்றி எழுதிக்கொண்டேன். என் வேலை எனக்கு.

ஒன்பதாம் எண் படம் வந்தது. வெளியூர்க் கல்லூரி மாணவர்கள் எடுத்தது. பட்டாசு ஆலையில் ஒரு பெண் கவனக்குறைவாக எதையோ கீழே போட, அறையே வெடித்து, திரை முழுக்க நெருப்பு. பின்னணியில் வயலின். தலைவர் ஒன்பது போட்டார். நான் எட்டரை. எனக்குக் கண் கலங்கியதை மறைக்கமாட்டேன். நீங்கள் மட்டும் "வேண்டாம்" என்றீர்கள். காரணம் சொல்லவில்லை.

பிறகு பதினாலு. கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிற உள்ளூர்க்காரர் ஒருவர் எடுத்த ஒன்பது நிமிடப் படம். ஒரே அறை. கேமரா நகரவே இல்லை. சட்டகத்தின் ஓரத்தில் திறந்த வாசல். ஒரு அம்மா வேலையிலிருந்து வருகிறாள், தண்ணீர்க் குடத்தை நகர்த்துகிறாள், பிள்ளைக்குச் சோறு போடுகிறாள், ஏதோ பையை எடுத்து வைக்கிறாள். இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய்வந்த ஒரு சித்தப்பா கையில் மூட்டையோடு வருகிறார். அவ்வளவுதான். நான் எழுதினேன்: 'கதை இல்லை. ஒளி கூடுதல். சம்பவம் இல்லை. இரண்டரை.' தலைவர் மூன்று போட்டார், சோம்பேறிக் கேமரா என்று.

உங்களைப் பார்த்தேன். நாற்காலி நுனிக்கு வந்திருந்தீர்கள். எழுந்து வந்து, என் தாளில் பதினாலாம் வரிசையில் கட்டைவிரலை அழுத்தி, "இதுக்கு உங்ககிட்ட நம்பர் இருக்கா?" என்று கேட்டீர்கள். "மறுக்கா போடச் சொல்லுங்க சார்."

"இன்னும் ஒம்பது படம் கெடக்கும்மா" என்று தலைவர் சலித்துக்கொண்டு சிகரெட்டை எடுத்துக்கொண்டு கீழே போனார். அறையில் நாம் இருவர். சும்மா இருக்கவேண்டாமே என்று, "அக்கா, காற்று போதுமா?" என்று கேட்டேன்.

"காத்தா?" நீங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. "சார், எம்புட்டுப் படிச்சிருக்கீக! பட்டாசு மருந்து ரூமுக்குள்ள போனா மொதல்ல எதைப் பாப்போம்? வாசலை. வாசலுக்கு முதுகு காட்டி உக்காரக்கூடாது. வழியில ஒரு சொளகு கெடக்கக்கூடாது. இருவது வருசம் அப்படி இருந்துட்டு, வீட்டுக்கு வந்தா மட்டும் கை சும்மா இருக்குமா? அந்தப் பொம்பள என்ன செய்றான்னு பாத்தீகளா, இல்ல மார்க்குப் போட்டுக்கிட்டு இருந்தீகளா?"

மார்க்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கதவைப் பார்த்தபடியே சொன்னீர்கள். "எந்தங்கச்சி இருந்த ரூம்ல, லோடு ஏத்த வண்டி வரும்னு அட்டைப்பெட்டியை வாசல்ல அடுக்கியிருந்தாக. அவ வெளிய வரல. அம்புட்டுத்தான் சார்." விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு: "ஒம்பதாம் படத்துல அவ கைதவறிப் போட்டுட்டாளாம். வெடிச்சா எல்லாரும் படம் எடுக்காக. வெடிக்காம வீடு வந்து சேர நாங்க படுற பாட்டை இவன் ஒருத்தன்தான் எடுத்திருக்கான்."

ஆறுதல் சொல்லத் தெரியாதவன் நான். எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். புதுத்தாள் ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். படத்தை மறுபடி ஓட்டினேன். நாற்பதாவது நொடி: குடம் வாசலிலிருந்து நகர்கிறது. இரண்டாம் நிமிடம்: பள்ளிக்கூடப் பை. மூன்றரை: பிள்ளையை வாசலைப் பார்க்கத் திருப்பி உட்கார வைக்கிறாள். ஒவ்வொன்றும் அங்கேயேதான் இருந்திருக்கிறது! 'சம்பவம் இல்லை' என்று எழுதியவன் ஏழு சம்பவங்களை எண்ணினேன். நீங்கள் பின்னால் நின்று, "அந்தா, செருப்பு! அதையும் எழுதுங்க!" என்று தோளைத் தட்டினீர்கள். கல்லூரிக் காலத்தில்கூட அப்படி ஒரு பரபரப்பை நான் அனுபவித்ததில்லை.

தலைவர் மேலே வந்தார். அட்டவணையை நீட்டினேன். அவர் படித்தார். மூன்றாவது முறை படம் ஓடியது. "கேமராவை நகத்தியிருந்தா வாசல் ஃப்ரேமை விட்டுப் போயிருக்கும்" என்றார் கடைசியில். "அதான் நகத்தல. சோம்பேறின்னு எழுதிட்டேனே."

மீதி ஒன்பது படங்களையும் பார்த்து முடித்ததும், பதினாலுக்கே முதல் பரிசு என்றேன். தலைவர் நிமிர்ந்தார். "நாம மூணு பேரும் புரிஞ்சுக்கிட்டோம் சார். நாளன்னைக்குக் கல்யாண மண்டபத்துல பட்டாசுக் கம்பெனி ஆட்கள் குடும்பத்தோட வருவாக. முதல் பரிசு வாங்குற படத்தைத்தான் போடணும். சென்னை விழாவுக்கும் அதுதான் போகும். ஒம்பது நிமிசம் ஒண்ணும் நடக்கலன்னா விசிலடிச்சு எந்திரிச்சுப் போயிருவாக. அந்தப் பையன் அதோட கேமராவைத் தூக்கிப் போட்டுருவான். அதுவுமில்லாம, கூட்டுத்தொகைதான் முடிவுன்னு நீங்கதானே எழுதினீக?"

நான்தான் எழுதினேன். அடிக்கோலை வைத்து அந்த விதியை நேராக அடித்தேன். பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். என் வாழ்நாளில் நான் எழுதிய விதி ஒன்றை நானே அடித்தது அன்றுதான்.

"சரி, அப்ப மேடையில நீங்கதான் அறிவிக்கணும்" என்றார் தலைவர்.

வகுப்பறைக்கு வெளியே நான் மைக்கைத் தொட்டதில்லை. இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. அட்டவணையைப் படித்துக்காட்டி விளக்கிவிட்டால் கூட்டத்துக்குப் புரிந்துவிடும் என்று நான்கு பக்கம் எழுதிவைத்தேன். மண்டபத்து வாசலில் அதை வாங்கிப் பார்த்தீர்கள். மடித்து உங்கள் இடுப்பில் செருகிக்கொண்டீர்கள். "ஒண்ணும் சொல்லாதீக சார். சொன்னா பரீட்சை ஆயிரும். நீங்க மேடையில நில்லுங்க. நான் இங்கன நிக்கேன்."

'முதல் பரிசு, பதினாலாம் எண்' என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தது.

முதல் மூன்று நிமிடம் பிள்ளைகள் அழுதன, யாரோ இருமினார்கள், பின்வரிசையில் ஒரு விசில். தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் திரையைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தேன். ஐந்தாம் நிமிடத்தில் பெண்கள் வரிசை அடங்கியது. பிறகு அந்தச் சித்தப்பா வந்தார். மூட்டையை நட்டநடு வாசலில் தொப்பென்று வைத்தார். அம்மா கையில் மாவு, எழ முடியவில்லை. மூட்டையைப் பார்க்கிறாள். படம் அப்படியே நிற்கிறது. முப்பது நொடி. நாற்பது.

"யோவ், மூட்டையை எடுய்யா!"

பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல். உடனே இன்னொன்று: "ஏலே, வழியை அடைக்காதலே!" அப்புறம் யார், எவர் என்று தெரியவில்லை. மண்டபமே எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கத்தியது. "எடு! எடு!" திரையில் அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து மூட்டையைச் சுவரோரம் தள்ளினாள். அத்தனை பேரும் சேர்ந்து விட்ட மூச்சு மேடைக்கு வந்து என்மேல் பட்டது. பிறகு கைதட்டல்! தலைவர் என் மணிக்கட்டைப் பிடித்து, "சார், எத்தனையோ சண்டைக்கு லைட்டுப் போட்டிருக்கேன். ஒரு மூட்டைக்கு ஜனம் கத்தி நான் பாத்ததில்ல" என்றார். வீடியோக்காரர் மேடைக்கு வந்து மைக்கைப் பிடித்தார். "எங்க அம்மா இப்படித்தான்" என்று மட்டும் சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

விளக்கு எரிந்ததும் நான் உங்களைத்தான் தேடினேன். மண்டப வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைக் காலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தீர்கள். உங்களைப் பார்த்து இன்னும் நான்கைந்து பேர் குனிந்து செருப்புகளை ஒதுக்கினார்கள்.

அதன்பிறகு மூன்று வருடம் சேர்ந்து நடுவராக இருந்தோம். நூற்றுக்கும் மேல் படம் பார்த்திருப்போம். நீங்கள் கடைசிவரை எண் போடவில்லை. நானும் எட்டு, ஐந்து, இரண்டு என்று மாற்றுவதை விட்டுவிட்டேன். நீங்கள் சொன்னதை அப்படியே எழுதினேன். பங்குனியில் நீங்கள் போன அன்று நாரணாபுரம் வந்திருந்தேன். உங்களைச் சரியாகப் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். வாசலில் கிடந்த பெஞ்சை நகர்த்தமுடியுமா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். கேட்கத் தைரியம் வரவில்லை. ஒரு அம்மா வந்து, என்னிடம் ஒன்றும் கேட்காமல், மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாகத் தூக்கி வைத்தோம்.

டீ குடிக்கப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். மாடிப்படியில் பேச்சுக் குரல் கேட்கிறது. இத்தனை நேரம் அந்த அலமாரி வாசலை அடைத்துக்கொண்டுதான் நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறேன், அக்கா. என்னவோ ஒரு தயக்கம். கட்டிலிலிருந்து எழுந்து சொல்லிவிட்டேன்: "தம்பி, முதல்ல அதை வாசலை விட்டுத் தள்ளிருங்க."

"சாருக்குக் காத்து வேணும்போல, அந்தப் பக்கம் பிடிலே" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்.

நான் மறுக்கவில்லை. அலமாரி நகர்ந்தது. நாற்காலியைக் கதவு தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.