கிழி போட்டுக்கொண்ட புலி

திருச்சூர்,
நாலாம் ஓணம் கழிந்து மூன்றாம் நாள்.

ஈசோ மிசிஹாவுக்கு ஸ்துதி.

என் செல்ல மகள் ஜிஸ்மிக்கு அம்மச்சி எழுதுவது. இங்கே எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, உன் அப்பச்சனுக்குத் தலைக்கனம் நிறையவே ஏறியிருக்கிறது, மற்றபடி மாதா கிருபையில் இருவரும் சுகம். நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை உன் அப்பச்சன் விட்டால்தானே. மூன்று நாளாக அதைக் கையில் வைத்துக்கொண்டு தான் ஆடிய வீடியோவைத் தானே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நீ என்னிடம் என்ன சொன்னாய்? “போன வருஷம் ஆட்டத்துக்கு நடுவுல இடுப்பு பிடிச்சு, புலி வேஷத்தோட ஆட்டோவுல தூக்கிட்டு வந்தது போதும் அம்மச்சி. அப்பச்சனுக்கு அறுபத்திநாலு ஆகுது. இந்த வருஷம் புலிக்களி ஆட்டத்துக்கு விடாதே” என்று சொன்னாய். நானும் “விடமாட்டேன் மோளே, மாதா மேல சத்தியம்” என்றேன். அந்தச் சத்தியம் என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்ல வருகிறேன், முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

கர்க்கடக மாசம் பிறந்ததுமே அவரைச் சங்குண்ணி வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இடுப்பு வலியும் போகட்டும், அந்தப் புலிப் பைத்தியமும் போகட்டும் என்பது என் கணக்கு. வைத்தியர் இடுப்பை அமுக்கிப் பார்த்துவிட்டு, “பதினாலு நாள் கிழி ஒத்தடம், அப்புறம் பதினாலு நாள் ஓய்வு. அது வரைக்கும் மீன் கிடையாது, இறைச்சி கிடையாது, கள்ளு கிடையவே கிடையாது” என்றார். கிழி என்றபோது தலையாட்டிய மனுஷன், இறைச்சி என்றதும் “வைத்தியரே, இப்பப் பாத்தா வலி கொஞ்சம் தேவலைபோல இருக்கு” என்று எழுந்துவிட்டார். சட்டையைப் பிடித்து நான்தான் உட்கார வைத்தேன். முதல் நாள் கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எருக்கு, ஆமணக்கு, நொச்சி, முருங்கை எல்லா இலையும் நறுக்கி, தேங்காயும் எலுமிச்சையும் சேர்த்து எண்ணெயில் வறுக்கிறார்கள், உன் அப்பச்சன் ஏதோ விருந்து என்று மூக்கை உறிஞ்சுகிறார். அப்புறம் அதைத் துணியில் முடிச்சுக் கட்டி, சூடான எண்ணெயில் முக்கி, கிழி போடும் பாஸ்கரன் ஒரு பக்கமும் அவன் மச்சான் இன்னொரு பக்கமுமாக நின்று முதுகில் வைத்தார்களோ இல்லையோ, மரப்பலகையில் கோவணத்தோடு கிடந்தவர் “டேய் பாஸ்கரா, நான் மனுஷன்டா, மத்தி மீனில்ல, ரெண்டு பக்கமும் வறுக்காதே!” என்று அலறிவிட்டார். பாஸ்கரன் அசரவில்லை. “லோனப்பேட்டா, புலின்னுதானே சொன்னாங்க, பூனை மாதிரி கத்துறீங்க” என்றான். அவ்வளவுதான், மானம் போய்விட்டது, அதற்கப்புறம் பதினான்கு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நாலாம் நாளிலிருந்து குறட்டை. பத்தாம் நாள் கீழே விழுந்த வேட்டியைத் தானே குனிந்து எடுத்தார், எனக்கே கண் கலங்கிவிட்டது, ஆனால் அதை நான் அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

இடுப்பு வந்தது, வயிறு போனது. கஞ்சியும் பயறும் மட்டும் தின்றால் வயிறு எங்கே நிற்கும்? ஓய்வு முடிகிற நேரம் புலிக்கூட்டத்துத் தலைவன் வேலாயுதன் பார்க்க வந்தான். உள்ளே நுழைந்ததும் சுகம் விசாரிக்கவில்லை, நேராக வயிற்றைத் தட்டினான், சத்தம் வரவில்லை. “லோனப்பேட்டா, வயிறு எங்கே? புலி முகத்தை எங்கே வரையச் சொல்வேன்? இதுல வரைஞ்சா பட்டினி கிடந்த பூனைதான் வரும்” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். ஓணத்துக்குள் வயிறு வராவிட்டால் அரிசிக்கடை தேவசிக்குத்தான் அந்த இடம் என்று சொல்லிவிட்டும் போனான். தேவசியின் வயிறு உனக்குத் தெரியுமே, அவன் கடைக்குள் வருவதற்கு முன்னால் அது வந்துவிடும். முப்பத்திரண்டு வருஷமாக முன்வரிசையில் ஆடியவருக்கு அது பொறுக்குமா? பத்தியம் முடிந்த அன்றே ஆரம்பித்தார். புட்டு, போத்திறைச்சி, அவித்த நேந்திரம்பழம், பாலடைப் பாயசம். நான் ஒன்றும் ஊட்டிவிடவில்லை மோளே, அடுப்பில் இருந்ததை அவர் எடுத்துச் சாப்பிட்டார். அடுப்பில் யார் வைத்தது என்று கேட்காதே. திருவோணத்தன்று வேலாயுதன் வந்து தட்டிப் பார்த்தான், நல்ல செண்டைபோலச் சத்தம் வந்தது.

இனிமேல் சொல்லப்போவது உனக்கும் எனக்கும் மட்டும். புலி இறங்குகிற நாலாம் ஓணத்தன்று விடியற்காலையில் சாயம் பூசுவதற்காக உடம்பு முழுக்க மழித்துக்கொண்டு, கீழே விழுந்த சோப்பை எடுக்கக் குனிந்திருக்கிறார், இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் போய்ப் பார்த்தபோது உரித்த கோழிபோலக் குளியலறைத் தரையில் கிடக்கிறார். கத்தவில்லை, திட்டவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. “ரோசிலி, வேலாயுதனுக்குப் போன் பண்ணி புலியைத் தேவசிக்கே கொடுத்துடச் சொல்லு. என் ஆட்டம் முடிஞ்சது. பிடிச்சுக்கிச்சுன்னு மோள்கிட்ட மட்டும் சொல்லிடாதே” என்றார். ஒரே ஒரு போன் பண்ணியிருந்தால் போதும், உனக்குக் கொடுத்த சத்தியம் தானாக நிறைவேறியிருக்கும். போனைக் கையில் எடுக்கவும் எடுத்தேன். அப்புறம் அதை அரிசி டப்பா மேல் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் எருக்கும் ஆமணக்கும் முருங்கையும் ஒடித்துக்கொண்டு வந்தேன்.

அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து நானே கிழி கட்டி, அப்பச் சட்டியில் எண்ணெய் காய்ச்சி, சமையலறைத் தரையில் அவரைக் குப்புறப் போட்டு ஒரு மணி நேரம் ஒத்தி எடுத்தேன். வைத்தியர் ஒரு கரண்டி எண்ணெய் என்றால் நான் ஒரு சொம்பு, அது வழிந்து வயிற்றடியில் குளம்போல நின்றது. “ஏய், இடுப்பு இங்கே இருக்கு, நீ எங்கே ஒத்துறே” என்று அவர் திட்ட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. எழுந்து நின்றார், இரண்டு தரம் குலுக்கிப் பார்த்தார், ஓடியே போய்விட்டார். சாயம் பூசுகிற அன்று தலையில்கூட ஒரு சொட்டு எண்ணெய் வைக்கக் கூடாது என்பது முப்பத்திரண்டு வருஷமாக மண்ணெண்ணெய் போட்டு அவர் சாயத்தைத் தேய்த்துக் கழுவுகிற எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் புத்தியில் வரவில்லை.

சாயம் பூசுகிறவன் “வயித்துல பிடிக்கவே மாட்டேங்குதே லோனப்பேட்டா” என்றானாம், இவர் வியர்வை என்று சொல்லி இன்னொரு கோட் கனமாக அடிக்கச் சொல்லியிருக்கிறார். ரவுண்டு ரோட்டில் இறங்கிக் கால்வாசி தூரம்கூடப் போகவில்லை, புலி முகம் நகர ஆரம்பித்தது. ஒரு கண் தொப்புளுக்கு வந்தது, இன்னொரு கண் இடுப்புக்குப் பின்னால் போனது, நாக்கு முட்டி வரைக்கும் இறங்கியது. ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. வேலாயுதன் பக்கத்திலேயே ஓடி, “ஆடாதீங்க லோனப்பேட்டா, அப்படியே நில்லுங்க, ஆடினா முகம் போயிடும்!” என்று கெஞ்சுகிறான். உன் அப்பச்சன் நிற்கவில்லை. “இடுப்பு இன்னைக்குத்தான்டா ஆடுது, முகம் போனா போகட்டும்!” என்று அவன் முகத்துக்கு நேராகவே வயிற்றைக் குலுக்கினார். ரவுண்டு முடிகிறபோது புலி கிடையாது, மஞ்சள் வழிந்த ஒரு கிழவன்தான், ஆனால் மேளம் நின்ற பிறகும் அந்தக் கிழவன் ஆடிக்கொண்டிருந்தான். பரிசு வேறு கூட்டத்துக்குப் போனது. ஆனால் ஜனத்தில் பாதி இவரைத்தான் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தது. ஆட்டத்தின் சூட்டில் சாயமே உருகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், உன்னிடமும் அதைத்தான் சொல்லுவார், நீயும் அப்படியா என்று வாயைப் பிளந்துவிடு.

மாதா உன்னைக் காக்கட்டும், நோயாளிகளைத் தூக்கித் தூக்கி உன் இடுப்பும் தேய்ந்திருக்கும், பொடிக்கிழி நாலு கட்டி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எண்ணெய் இல்லாமல் வெறும் சட்டியில் சூடாக்கு, புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் இடுப்பில் வை. ஞாயிற்றுக்கிழமை குர்பானையைத் தவறவிடாதே. சத்தியத்தை மீறியதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன், பங்குக் கோயில் அச்சன் சிரித்துக்கொண்டே மூன்று மங்கள வார்த்தை ஜெபம் சொல்லச் சொன்னார். நீ திட்டுவதானால் என்னைத் திட்டு, அவரை ஒன்றும் சொல்லாதே. வருந்துகிறேன் என்று மட்டும் என்னால் எழுத முடியாது மோளே, ஏனென்றால் அந்த வீடியோவில் மேளம் நின்றதும் நீளமாக ஒரு விசில் கேட்கும், யாரோ பொறுக்கிப் பையன் என்று அப்பச்சன் சொல்லிக்கொண்டிருக்கிறார், அது நான்தான்.

என்றும் உன்
அம்மச்சி ரோசிலி