திரையில் பச்சை, கையில் ஈரல்

10 நவம்பர், திங்கள்

உறுதியானது: ஆஸ்பத்திரியின் புது இடுக்கி, பிடிக்கும் அழுத்தத்தை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டுகிறது. சொன்னவர் அதை வடிவமைத்த பொறியாளர் நஸ்ரின், மேலப்பாளையத்துப் பெண். நேரில், மாடிப்படி அருகே. காலையிலிருந்து மழை. குடையை ஆட்டோவில் விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை என் மனைவி செல்லத்துக்குப் பித்தப்பை ஆபரேஷன். அதே இடுக்கியால். வயிற்றில் சிறு துளை, அதில் ஒரு குழாய், அதன் வழியே நீளக் கம்பி, நுனியில் அழுத்தம் அறியும் மெல்லிய தகடு. அளவோடு பிடித்தால் திரையில் பச்சை, மிஞ்சினால் சிவப்பு. செ.வின் பித்தப்பை பலமுறை வீங்கி நைந்துபோனது. இறுக்கிப் பிடித்தால் கிழியும். அதனால்தான் டாக்டர் இந்தக் கருவியைச் சொன்னார்.

இன்று ஆட்டு ஈரலில் சோதித்தார்கள். ஈரல் கிழிந்தது. திரை பச்சை.

நஸ்ரின்: "நான் செஞ்சதுதான் சார், நானே சொல்லுதேன். இப்ப இதை நம்பாதிய."

11, செவ்வாய்

தூறல். காரணம் தெரிந்தது. நஸ்ரினும் கருவி அறைப் பொறுப்பாளர் சண்முகமும் தனித்தனியே சொன்னார்கள், ஒத்துப்போகிறது. இந்த இடுக்கியை வாயுவில்தான் கிருமி நீக்க வேண்டும். ஒரு ராத்திரி பிடிக்கும். போன சனிக்கிழமை மாதாந்திர மின் பராமரிப்பு, பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரில் அந்த எந்திரம் ஓடாது. கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டி எல்லாக் கருவித் தட்டுகளையும் சேர்த்து நீராவியில் ஏற்றிவிட்டார்கள். அந்தச் சூட்டில் தகடு கெட்டது.

சண்முகம்: "கரண்டு போயிரும்னு அவசரம் அண்ணாச்சி. எல்லாம் இரும்புதானன்னு நெனச்சிட்டோம்."

கத்தத் தோன்றியது. அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

வாங்க: போர்வை, பிளாஸ்க், மெழுகு தீப்பெட்டி.

12, புதன்

செ.வுக்கு மறுபடி காய்ச்சல். இனித் தள்ளிப்போட முடியாது என்கிறார் டாக்டர். கோயம்புத்தூரிலிருந்து மாற்று இடுக்கி காலை பஸ் பார்சலில் வந்துவிட்டது. சாதாரண இடுக்கி போதாதா? டாக்டரிடம் கேட்டேன்.

"நீளக் கம்பி. குழாயோட உரசல்தான் கைக்குத் தெரியும், சதை தெரியாது. சதை வெளுக்குதான்னு கண்ணால பார்த்துத்தான் செய்வோம். எத்தனையோ பேருக்கு அப்படிச் செஞ்சிருக்கேன். இவங்களுக்கு நைஞ்சிருக்கு, அதான் யோசிக்கேன்."

அடுத்த கேள்விக்கு வாயெடுத்தேன். கட்டிலிலிருந்து செ.:

"டாக்டரையும் பேட்டி எடுக்கியளாக்கும்? போட்டோ போடுததா இருந்தா சொல்லுங்க, தலையச் சீவிக்கிடுதேன்."

டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அவளே அவரிடம் கேட்டாள்.

"உங்க வீட்டு ஆளா இருந்தா எதை எடுப்பிய?"

"சரியாக் காட்டுச்சுன்னா புதுசு. துளி சந்தேகம்னாலும் பழசு."

"அப்ப எனக்கும் அப்படியே செய்யுங்க."

இத்தனை வருஷப் பத்திரிகை வேலையில் நான் கேட்காமல் விட்ட நல்ல கேள்விகளில் அதுவும் ஒன்று.

13, வியாழன்

மழை விட்டிருக்கிறது. வெளிச்சம் கண் கூசுகிறது.

மாற்று இடுக்கி நேற்று மதியம் ஈரலில் தேறியது. கிழியப்போகும் நேரத்தில் சரியாகச் சிவப்பு. பக்கத்தில் நின்று பார்த்தேன். ராத்திரி முழுக்க வாயுவில் இருந்தது. கிருமி நீக்கிய பிறகு ஈரலில் தொட முடியாது. ஆபரேஷன் அறைக்குள் மேசையில் வைத்து, கிருமி நீக்கிய ரப்பர் துண்டைப் பிடித்துத்தான் கடைசிச் சோதனை. தப்பாகக் காட்டினால் அங்கேயே பழையதை எடுப்பார்கள். அந்த அறைக்குள் எனக்கு அனுமதி இல்லை. நஸ்ரின் உள்ளே.

ஏழரைக்குச் செ.வைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வளையல்களைக் கழற்றி என்னிடம் தந்தாள்.

"பைய ஒரு டீயக் குடிச்சிட்டு வாங்க. கதவையே பாத்துக்கிட்டு நிக்காதிய."

டீ குடிக்கவில்லை. கதவெதிரே நிற்கிறேன். வளையல்கள் சட்டைப்பையில்.

தெரியாதவை: எந்த இடுக்கி. பித்தப்பை கிழியாமல் வந்ததா. டாக்டரே வெளியே வந்து சொல்வார். மதியத்துக்குள், என்றாள் நர்ஸ்.