பேக்கரிக்காரர் எழுதிய மென்பொருள்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும், மகளும், அத்தையும், உங்கள் தம்பியும் சுகம். கடலும் உங்கள் வயிறும் இந்தத் தடவையாவது சண்டை போடாமல் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நேற்று நான் "கிடைச்சிடுச்சு" என்று கத்தியதும் இணைப்பு அறுந்துவிட்டது. என்ன கிடைத்தது, தொலைந்துபோன பீரோ சாவியா என்று நீங்கள் இன்ஜின் அறையில் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பீர்கள். வேலை கிடைத்துவிட்டது! மூக்குக்கண்ணாடிக் கடைக்காரம்மாவின் எல்லாக் கிளைகளுக்கும் வலைத்தளம் செய்து, அதை நடத்தியும் தருகிற வேலை. நேற்று மதியம் கையெழுத்தாகிவிட்டது. முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் நீங்கள் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். இனி நிதானமாக உட்கார்ந்து, அது எப்படிக் கிடைத்தது என்று படியுங்கள். லேசில் கிடைக்கவில்லை.

நீங்கள் கிளம்பிய அன்று, பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டே பேசினோமே, ஞாபகம் இருக்கிறதா? இந்த வருஷத்துக்குள் ஒரு பெரிய வேலை பிடிக்காவிட்டால் நிறுவனத்தை மூடிவிட்டு எங்காவது மாதச் சம்பளத்துக்குப் போய்விடுகிறேன் என்று நானே சொன்னேன். நீங்கள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். ஆசை ஆசையாகத் தொடங்கிய நிறுவனத்தை என் கையாலேயே பூட்ட வேண்டி வருமோ என்ற பயம் அன்றிலிருந்து கூடவே இருந்தது. கண்ணாடிக்கடை வேலைதான் என் கடைசிப் பிடி.

நாம் என்ன தொழில் செய்கிறோம் என்று எத்தனை முறை விளக்கினாலும் நீங்கள் கப்பலில் எல்லாரிடமும் 'இன்டர்நெட் வேலை' என்றுதான் சொல்லிவைத்திருக்கிறீர்கள். அதனால் இன்னொரு முறை சொல்கிறேன். வலைத்தளம் நடத்துவதற்கான மென்பொருளை நாம் முதல் வரியிலிருந்து எழுதுவதில்லை. பல தேசங்களில் இருக்கும் சிலர் கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். அதை எடுத்து, வாடிக்கையாளருக்கு ஏற்றபடி மாற்றி, அவர் கடையின் பெயரும் சின்னமும் போட்டுக் கொடுக்கிறோம். அவர்கள் அதோடு சேர்த்துக் கொடுக்கும் உரிமத்திலேயே இதற்கு இடம் உண்டு. பெயரை மாற்றிக்கொள், உழைப்புக்குக் காசு வாங்கிக்கொள். ஆனால் உன் வாடிக்கையாளர் கேட்டால் முழு நிரலையும் கொடுத்துவிடு, எழுதியவர்கள் பெயரையும் உரிமத்தையும் கோப்புகளுக்குள் இருக்கிறபடியே விட்டுவை. அவ்வளவுதான் அவர்கள் கேட்பது. அத்தைக்கு மட்டும் இது பிடிபடவில்லை. யாரோ சமைத்ததை நம் பாத்திரத்தில் மாற்றிப் பரிமாறுவதா என்று முகத்தைச் சுளித்தார். சமைத்தவர்களே பாத்திரத்தை மாற்றிக்கொள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் அத்தை என்றேன். அரைமனதாகத் தலையாட்டினார்.

இந்தப் பெயர் மாற்றும் வேலை முழுக்க உங்கள் தம்பியுடையது. அதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. உள்நுழையும் பக்கத்திலிருந்து, கடையிலிருந்து போகும் மின்னஞ்சலின் அடிவரி வரைக்கும் பழைய பெயரின் வாடையே இருக்காது. மூல மென்பொருளில், இல்லாத ஒரு பக்கத்தின் முகவரியைத் தட்டினால், சுருண்டு படுத்துத் தூங்கும் பூனைப் படம் ஒன்று வரும். எழுதியவர்களில் ஒருவர் வீட்டுப் பூனையாம். அதைக்கூட விடாமல், பேக்கரிக்காரருக்குக் காலித் தட்டு ஒன்றும், கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிக்கு முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்ட கார் ஒன்றும் தானே வரைந்து வைத்தான். நான்தான் இதெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேலி செய்துகொண்டிருந்தேன்.

கடைக்காரம்மா ஏறக்குறைய நமக்குத்தான் என்று முடிவெடுத்திருந்த வாரத்தில் வந்து சேர்ந்தது ஒரு மின்னஞ்சல். நமக்கு இல்லை, அவருக்கு. நம்மோடு போட்டி போட்ட அந்தப் பெரிய நிறுவனம் அனுப்பியது. நாம் ஊரில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைத் திருடி, சொந்தச் சரக்கு மாதிரி பெயர் ஒட்டி விற்கிறோம், இதில் அவர் மாட்டிக்கொண்டால் வழக்கு வரும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அவர் அதை எனக்கு அனுப்பிவிட்டுப் போனில், வெள்ளிக்கிழமை வாருங்கள், அவர்களையும் கூப்பிட்டிருக்கிறேன், என் முன்னால் பேசிக்கொள்ளுங்கள் என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

எனக்கென்ன, மடியில் கனமில்லை என்று திமிராகத்தான் இருந்தேன். கேட்டால் காட்டுவதற்காக, நாம் ஏற்கெனவே செய்துகொடுத்த தளங்களின் கோப்புகளைத் திறந்து, எழுதியவர்கள் பெயர் இருக்கும் வரியைத் தேடினேன். முதலில் பேக்கரி. அந்த மென்பொருள் முழுவதையும் எழுதியவர் பேக்கரிக்காரர் என்று போட்டிருந்தது. ஒரு கோப்பில் இல்லை, எல்லாக் கோப்புகளிலும். உரிமத்தில்கூட. அடுத்ததைத் திறந்தால், அதே மென்பொருளை முதல் வரியிலிருந்து எழுதியது கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி.

நடந்தது இதுதான். உங்கள் தம்பி பழைய பெயர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் புதுப்பெயரைப் போடு என்று கணினிக்கு ஒரே உத்தரவாகக் கொடுத்திருக்கிறான். எழுதியவர்கள் தங்கள் குழுவுக்கு அந்த மென்பொருளின் பெயரையே வைத்திருந்ததால், கணினி அதையும் சேர்த்து மாற்றிவிட்டது. ஒன்றையும் விடக்கூடாது என்ற அவன் கெட்டிக்காரத்தனமே நம் காலை வாரிவிட்டது. அதாவது, அந்தப் பெரிய நிறுவனம் எழுதிய அவதூறில் பாதி உண்மையாகிவிட்டது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணி, யாருக்கும் தெரியாது. இப்பவே மாத்திடுறேன், விட்டுடுங்க" என்றான்.

மாற்றத்தான் வேண்டும், ஆனால் சொல்லிவிட்டு மாற்றுவோம் என்றேன். கோபத்தில் இன்னும் நாலு வார்த்தை சேர்த்தே சொன்னேன், அதை இங்கே எழுத வேண்டாம். அன்றைக்கே எல்லா வரிகளையும் பழையபடி ஆக்கினோம். பேக்கரிக்காரரிடமும் பள்ளிக்காரரிடமும் போனில் சொன்னேன். பேக்கரிக்காரர், நானா எழுதினேன் என்று பெருமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். மென்பொருளை எழுதியவர்களுக்கும் நடந்ததை ஒளிக்காமல் எழுதி மன்னிப்புக் கேட்டேன். தலைமை தாங்குகிற அம்மாள் மறுநாளே பதில் போட்டார். தவறைத் திருத்திவிட்டால் உரிமம் தொடரும் என்று உரிமத்திலேயே இருக்கிறதாம். கண் சோதனைக்கு ஒரே நேரத்தை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடும் பழுதை கடைக்காரம்மாவுக்காக நாம் செய்த மாதிரித் தளத்தில் உங்கள் தம்பி சரிசெய்திருந்ததையும் எழுதியிருந்தேன், அந்தத் திருத்தத்தையும் அனுப்பிவைக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நானும் உங்கள் தம்பியும் போக, கடைக்காரம்மா கடையின் உள்ளறையில் கூடினோம். சுவரில் கண் சோதிக்கும் எழுத்துப் பலகை. மேசைமேல் மூடாத பெட்டிகளில் புது பிரேம்கள். கடைக்காரம்மா சங்கிலியில் தொங்கும் கண்ணாடியைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். அந்த நிறுவனத்திலிருந்து ஒருவர்தான் வந்திருந்தார், அந்தப் புழுக்கத்திலும் டை கட்டிக்கொண்டு. அவர் மூச்சு விடாமல் பேசி முடித்தார். திருட்டு என்ற சொல்லை வாய்க்கு வாய் சொன்னார்.

நான் உரிமத்தை எடுத்துவைத்து, பெயர் மாற்ற அனுமதிக்கும் இடத்தைப் படித்துக் காட்டினேன். அவர் மறுப்பதற்குள், எங்கள் பக்கம் ஒரு தவறும் நடந்தது என்று பேக்கரிக் கதையை நானே சொன்னேன். எப்படி நடந்தது, எப்போது திருத்தினோம், யார் யாருக்குச் சொன்னோம், எல்லாம். எழுதியவர்களின் பதிலையும் காட்டினேன். கடைக்காரம்மா தன் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். பழைய பேக்கரித் தளத்தின் அதே வரி, நாம் திருத்துவதற்கு முன்பே அச்செடுத்தது. மின்னஞ்சலோடு டைக்காரர்கள் அனுப்பிய சான்று. எனக்கு மின்னஞ்சலை மட்டும் அனுப்பிவிட்டு, இதை வேண்டுமென்றே கையில் வைத்திருந்திருக்கிறார். "நீங்களா சொல்றீங்களான்னு பாக்கத்தான் வெச்சிருந்தேன்" என்றார். உங்கள் தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு கடைக்காரம்மா எங்கள் இருவருக்கும் ஒரே கேள்வியைப் போட்டார். நாளைக்கு உங்களோடு எனக்கு ஒத்துவரவில்லை என்றால் என் தளம் என்ன ஆகும்? நிரல் முழுவதும் உங்களுடையது, யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்து நடத்தலாம், உரிமம் அப்படி என்றேன். டைக்காரர், எங்கள் மென்பொருள் முதல் வரியிலிருந்து எங்கள் ஆட்கள் எழுதியது, அதை வெளியே கொடுக்கமுடியாது என்றார்.

அதுவரை தலையைத் தொங்கப்போட்டிருந்த உங்கள் தம்பி மெல்ல எழுந்து, திரையைக் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டான். எனக்குப் பக்கென்றது, இவன் இன்னும் என்ன வைத்திருக்கிறான் என்று. டைக்காரர்கள் கடைக்காரம்மாவுக்கு என்று செய்துவைத்த மாதிரித் தளத்தைத் திறந்தான். முகவரிப் பெட்டியில் வாய்க்கு வந்த எழுத்துகளை எல்லாம் தட்டினான்.

திரை முழுக்கச் சுருண்டு படுத்துத் தூங்கியது பூனை.

அதே பூனை. பெயரை மாற்றியிருக்கிறார்கள், சின்னத்தை மாற்றியிருக்கிறார்கள், பூனையை மறந்துவிட்டார்கள். பக்கத்தின் உள்ளே திறந்து காட்டினான். எழுதியவர்கள் பெயர் ஓரிடத்திலும் இல்லை, உரிமத்தைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். நாம் தெரியாமல் செய்ததை இவர்கள் தெரிந்தே செய்துவிட்டு, நம்மைத் திருடர்கள் என்று கடிதம் எழுதியிருக்கிறார்கள். டைக்காரர், அது டெவலப்பர் பார்க்க வேண்டிய விஷயம் என்றார். கடைக்காரம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மேசையில் கையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வெட்கமே இல்லாமல், வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை.

டைக்காரர் போனபிறகு கடைக்காரம்மா ஒரு புது பிரேமை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்து, லென்ஸின் ஓரத்தில் பொடியாகப் பொறித்திருந்த ஒரு குறியை எனக்குக் காட்டினார். "பிரேம்ல என் கடைப் பேரு இருக்கு. லென்ஸ் செஞ்சவன் குறியை நான் தேய்க்கிறதில்ல. என் தளத்துலயும் அப்படியே இருக்கட்டும்" என்றார். எல்லாக் கிளைகளும் நமக்கு. நம் பெயரும் எழுதியவர்கள் பெயரும் இரண்டும் கீழே தெரியவேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

இன்னும் முடியவில்லை, கேளுங்கள். உங்கள் தம்பி அனுப்பிய திருத்தத்தை மூல மென்பொருளிலேயே சேர்த்துக்கொண்டார்கள். எழுதியவர்கள் பட்டியலில் இப்போது அவன் பெயரும் இருக்கிறது! அத்தை கைப்பேசியில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இனி எவனாவது இதைத் தெரியாமல் அழித்துவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்படத் தொடங்கிவிட்டார். நிறுவனத்துக்கு இன்னும் இருவரை எடுக்கவேண்டும். மூடும் பேச்சு முடிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நேற்று வீட்டுக்கு வந்து இதையெல்லாம் கை கால் ஆட்டி நடித்துக் காட்டினேன். மகள் டைக்காரராக நடிக்க உங்கள் டையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். நீங்கள் இருந்திருந்தால் யாராக நடித்திருப்பீர்கள் என்று அவள்தான் கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

போன தடவை பேசும்போது, அடுத்த துறைமுகத்தில் இன்னொரு நீண்ட பயணத்துக்கு ஒப்பந்தத் தாளை நீட்டுவார்கள், வீட்டை நினைத்தால் மறுக்க முடியாது என்றீர்கள். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல வாய் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. வீடு என்ற சாக்கு இனி உங்களுக்குக் கிடையாது. கடல்தான் பிடித்திருக்கிறது என்றால், அதை நேரில் வந்து, என் எதிரே உட்கார்ந்து சொல்லுங்கள்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

வழிபார்த்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி