முனியாண்டிக்கு ஒரு பாக்கி

ராசா டவுன்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மருமகள் நித்தியாவுக்கு,

அத்தை கலாவதி எழுதுகிறேன். நான் நலம், உன் அண்ணன் கோகிலன் நலம், ஒரு கிடாவும் நலம். பெர்த்தில் நீயும் தீபனும் சுகமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம்.

உன் அப்பா உயிலில் என்னைப் பொறுப்பாளியாகப் போட்டுவிட்டுப் போனார். உயிரோடு இருந்தவரை கோழிக்குழம்புக்குக்கூட என் பேச்சைக் கேட்காத மனிதர், இப்போது சொத்தைப் பிரிக்க என்னை ரவாங் வக்கீல் ஆபீசுக்கும் வீட்டுக்குமாக அலையவிடுகிறார். காரை விற்றாயிற்று, பேங்க் கணக்கை முடித்தாயிற்று. மிச்சம் வீடுதான். அதில் உனக்குப் பாதி, கோகிலனுக்குப் பாதி. நீயோ எனக்கு எதுவும் வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய்.

பிரிக்கும் முன் இறந்தவரின் கடனை அடைக்க வேண்டும் என்றார் வக்கீல் புனிதன். மளிகைக்கடை, வொர்க்‌ஷாப் என்று எல்லா இடத்திலும் விசாரித்தேன். எங்கும் பாக்கியில்லை. பெருமையோடு வீட்டுக்கு வந்தால், கெர்லிங் தோட்டத்து முனியாண்டி கோயில் பூசாரி சேது வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு கெடா பாக்கி இருக்கும்மா. மக வந்து வாசப்படி மிதிச்சா வெட்டுறேன்னு ஒங்கண்ணன் சாமிகிட்ட வேண்டிக்கிட்டாரு" என்றார்.

நீ தீபனைக் கட்டிக்கொண்ட அன்று, இனி என் வாசப்படி மிதிக்காதே என்று கத்தியதும் அதே வாய்தானே. தீபாவளிக்குத் தீபாவளி ஆட்டுக்காரர்கள் வந்து அவர் வளர்த்த கறுப்புக் கிடாவுக்கு விலை கேட்பார்கள். அவர் கொடுக்கமாட்டார். கஞ்சன், இன்னும் நல்ல விலைக்குக் காத்திருக்கிறார் என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

புனிதனுக்கு ஒரே சிரிப்பு. சாமி கோர்ட்டுக்கு வராது, விட்டுவிடுங்கள் என்றார். கோர்ட்டுக்கு வராது, என் கனவுக்கு வருமே என்றேன். கோகிலன் இந்த ஞாயிறே வெட்டி விருந்து போட்டுவிடலாம் என்றான். முடியாது என்றுவிட்டேன். நீ வராமல் வெட்டினால் அது வெறும் கறிச்சோறு, நேர்த்திக்கடன் ஆகாது. அந்தக் கடன் அடையாமல் வீட்டைப் பிரிக்க நான் கையெழுத்துப் போடமாட்டேன். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மறுநாள் அவனே கிடாவுக்குத் தழை ஒடித்துக்கொண்டு வந்தான்.

கிடா இப்போது என் வீட்டில். செம்பருத்திச் செடியெல்லாம் மொட்டை. நேற்று கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே வந்து, உன் அப்பா படத்து மாலையையும் தின்றுவிட்டது. அவர் இருந்திருந்தால் அதற்கும் என்னைத்தான் திட்டியிருப்பார்.

காரியத்துக்கு நீ வரவில்லை என்று எனக்குக் கோபம் இருந்தது உண்மை. கூப்பிடாத வீட்டுக்கு எப்படி வருவது என்று கேட்டாய். அவர் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார், அம்மா. உன்னிடம் சொல்ல வாய் வராமல் சாமியிடம் சொல்லியிருக்கிறார்.

பங்கு வேண்டாம் என்றால் வேண்டாம். அதை இந்த வாசலுக்கு வந்து சொல். தீபனையும் அழைத்து வா. பாசிர் பெனம்பாங்கில் நல்ல இறாலாக வாங்கி வைக்கிறேன். நீ வரக்கூடாது என்று நினைக்கும் உயிர் இங்கே அந்தக் கிடா ஒன்றுதான்.

முனியாண்டி உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும்.

உன் அப்பா வீட்டு வாசப்படியைக் கழுவி வைத்துக் காத்திருக்கும்
அத்தை கலாவதி